ஜாம் போத்தல் வெளிச்சம்



1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதை அடுத்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த இருளுக்குள் வீட்டுக்கு வீடு எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு.

வெறும் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். நடுவில் நூல்போல ஒரு திரி. போத்தலின் கண்ணாடியே சிமினியாகிக் காற்றைத் தடுத்தது. அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெயில் சிறு பங்கே இதற்குப் போதும். இதைச் சுற்றி இருந்துதான் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள்.

செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்றுவார். டைனமோ மின்சாரம் தரும். அது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியதோ நேரோட்டம். இடையிலே டயோட் பொருத்தி அதை மாற்றிக்கொண்டார்கள். சுற்றுபவரின் கை ஓய்ந்தால் உலகச் செய்தியும் ஓய்ந்துவிடும்!

மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தெருவெல்லாம் புகை, ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

தென்கிழக்கு ஆபிரிக்காவின் மலாவி நாட்டில், 2001–2002 பஞ்சத்தால் பள்ளியை விட்ட வில்லியம் கம்குவாம்பா என்ற சிறுவன், நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் காற்றாலை செய்தான். அவனுக்கும் கைகொடுத்தது பழைய சைக்கிளும் டைனமோவும்தான். அவன் கதை 2009 இல் நூலாகவும் 2019 இல் திரைப்படமாகவும் வந்தது. நம்முடைய சைக்கிளைக் கவிழ்த்தவரின் பெயரை யார் எழுதி வைத்தோம்?

இதைச் சொல்லும்போது ஒரு தயக்கமும் எழுகிறது. கெட்டித்தனத்தைப் புகழப்போய்த் தடையைப் புகழ்ந்துவிடக் கூடாது. போத்தலில் விளக்குச் செய்ய முடிந்த கைகளால், தடைப்பட்ட மருந்தைச் செய்ய முடியவில்லை. அதனால் போன உயிர்களும் இக்கதையின் பங்காளிகளே.

நமது கதைகளும் கவிதைகளும் அக்காலத்தின் துயரை நிறையவே பதிந்துள்ளன. அந்தக் கைவேலையின் நுணுக்கமோ இன்னும் முதியவர்களின் வாயில்தான் இருக்கிறது. நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றிரவே கேளுங்கள்: திரியை எப்படி நிமிர்த்தி வைத்தீர்கள்? யாரிடம் பழகினீர்கள்? சொல்லும் பெயரை எழுதி வையுங்கள்.