பெரிய குழந்தை என்றால் ஆரோக்கியக் குழந்தையா?

நாலு கிலோவுக்கு மேல் குழந்தை பிறந்தால் தோட்டத்திலும் பட்டணத்திலும் பெருமைதான். ஆனால், தாய்க்கு இனிப்புநீர் இருந்தால் அந்த எடையே ஆபத்தின் அறிகுறியாகலாம்.

தாயின் இரத்தத்திலுள்ள சீனி நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. ஆகவே, குழந்தையே அதிக இன்சுலின் சுரந்து பருக்கிறது. பருத்த உடலுக்குக் கூடுதல் பிராணவாயு தேவை. தொப்புள்கொடி இரத்தம் கொண்டுவருவது போதாமல் போனால், சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் கெட்டியாகும். இதயத் தசையும் தடிக்கலாம்.

இந்தியப் பெண்களுக்கு இந்த அபாயம் அதிகம். பாக்கார் ஆராங் அரசாங்கக் கிளினிக்கிலோ வேறு கிளினிக்கிலோ சீனிப் பரிசோதனைக்கு அழைத்தால், தாய்மார்களே, தவறாமல் செல்லுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து இரத்தச் சீனி 7.8 மில்லிமோலை எட்டினால் சிகிச்சை அவசியம். குமட்டலுக்குப் பயந்து தட்டிக்கழிக்காதீர்கள். அந்த ஒரு குவளை உங்கள் குழந்தையின் இதயத்தைக் காக்கும்.