கொசுவைக் கணக்கெடுக்க வருகிறார்கள்



விடியற்காலை நேரம். ஒருவர் டார்ச் விளக்கோடு ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைகிறார். இன்னொரு கையில் கண்ணாடிக் குழாய். அதன் ஒரு முனையில் நீளமான ரப்பர் குழாய் செருகியிருக்கிறது. சுவரில் வெளிச்சம் அடிக்கிறார். ஒரு கொசு உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி முனையை அதன் மேல் கொண்டுபோகிறார். ரப்பர் முனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சுகிறார். கொசு குழாய்க்குள் போய்விடுகிறது.

வாய்க்குள் போய்விடாதா? போகாது. நடுவில் வலைத்துணி கட்டியிருக்கிறது.

பிறகு வீட்டுக்குள் வருகிறார். கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால் பார்க்கிறார். கட்டிலுக்கு அடியில் பார்க்கிறார். இரவில் இரத்தம் குடித்த கொசு பறக்க முடியாமல் அங்கேதான் ஒதுங்கும். வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் வருகிறது. "மருந்து அடிக்க வராமல், கொசு பிடிக்க வந்தீங்களா?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல, நூறு வருஷத்துக்கும் முன்னால் போக வேண்டும்.

ரொனால்டு ராஸ் என்று ஓர் ஆங்கில டாக்டர். இந்தியாவில் பட்டாளத்துக்கு வைத்தியம் பார்த்தவர். மலேரியாக் காய்ச்சல் கொசுவால் வருகிறதா என்று 1895 முதல் ஆராய்ந்தார். கொசுவைப் பிடித்து, அறுத்து, பூதக் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன்? அவர் பார்த்தது வேறு ஜாதிக் கொசு. 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்திராபாத்தில், இறக்கையில் புள்ளி உள்ள கொசுவை அறுத்தார். அதன் வயிற்றில் மலேரியாக் கிருமி இருந்தது.

எல்லாக் கொசுவும் மலேரியாவைக் கொண்டுவராது. இறக்கையில் புள்ளி உள்ள கொசு அனாபிலஸ் என்ற இனம். அதிலேயே நம் நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை இருக்கிறது. ஆறு வகைதான் முக்கியமாக நோயைப் பரப்புகிறது. அதிலும் பெண் கொசு மட்டும்தான் கடிக்கும்.

அந்த ஆறும் ஒரே மாதிரி வாழ்வதில்லை. ஒன்று கிராமத்து வாய்க்காலிலும் மழைக் குட்டையிலும் முட்டையிடும். அதற்கு மாட்டு இரத்தம் ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் கொட்டகையில் தேடுகிறார்கள். இன்னொன்று நகரத்துக் கொசு. கிணற்றிலும், மாடியில் மூடாத தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். அஸ்ஸாம் பக்கத்துக் காடுகளில் வேறொன்று இருக்கிறது. அது மனிதரைக் கடித்துவிட்டு வெளியே போய்விடும். வீட்டுச் சுவரில் எவ்வளவு மருந்து அடித்தாலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

எந்தக் கொசு என்று தெரியாமல் மருந்து அடித்தால் பணமும் வீண், உழைப்பும் வீண்.

பிடித்த கொசுக்களை வகை பிரிக்கிறார்கள். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடித்தார் என்று எழுதுகிறார்கள். வயிற்றில் இருப்பது மனித இரத்தமா, மாட்டு இரத்தமா என்று சோதிக்கிறார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியை அறுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சில கொசுக்களை, மருந்து தடவிய காகிதம் சுற்றிய குழாயில் ஒரு மணி நேரம் விட்டுவைக்கிறார்கள். மறுநாள் எத்தனை செத்தது என்று எண்ணுகிறார்கள். சாகாவிட்டால், அந்த மருந்து அந்த ஊருக்கு உதவாது. அகப்பையால் குட்டைத் தண்ணீரை மொண்டு புழுவையும் எண்ணுவார்கள்.

சுதந்திரம் வந்த சமயத்தில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது என்று ஒரு மதிப்பீடு. எட்டு லட்சம் பேர் இறந்தார்கள். 1953இல் அரசாங்கம் நாடு முழுவதும் வேலையைத் தொடங்கியது. டிடிடி மருந்து அடித்தார்கள். 1965இல் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி. கண்காணிப்பு தளர்ந்தது. மருந்தும் போதவில்லை. பல இடங்களில் கொசு மருந்துக்குப் பழகிப்போனது. 1976இல் நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டினார்கள்.

குஜராத்தில் கேடா என்று ஒரு மாவட்டம். புகையிலையும் நெல்லும் விளையும் ஊர். வாய்க்கால் பாசனம் உண்டு. அங்கேயும் கொசு மருந்துக்குச் சாகவில்லை. 1983இல் மலேரியா ஆராய்ச்சி மையத்தார் வேறு வழியைப் பார்த்தார்கள். கொசு எங்கே முட்டையிடுகிறது என்று ஊர் ஊராகத் தேடினார்கள். உள்ளூர் மக்களும் கூடவே நடந்தார்கள். வேண்டாத பள்ளங்களை மண் போட்டு மூடினார்கள். மூட முடியாத குட்டையில் கப்பி மீன் விட்டார்கள். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத மீன் அது. கொசுப் புழுவைத் தின்னும். மருந்து அடிக்காமலே அந்தக் கிராமங்களில் காய்ச்சல் குறைந்தது.

இந்த வேலையை ஒரு தடவை செய்துவிட்டு விட முடியாது. வெயில் காலத்தில் முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் போன மாதம் வந்தவர் இந்த மாதமும் வருகிறார். டெங்குக் கொசுவைத் தேடுபவர் பகலில் வருவார். அவர் கொட்டகைக்குப் போகமாட்டார். குடம், தொட்டி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, இவற்றில்தான் பார்ப்பார். அந்தக் கொசு நல்ல தண்ணீரில் வளரும்.

அவர் புதிதாக வந்தவர். வீட்டுக்குப் பின்னால் உடைந்த பானை கிடப்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் தெரியும்.