முல்லைத்தீவு: எண்ணிக்கைக்குள் அடங்கிய மண்ணும் மக்களும்



"உன் ஊர் எது?" என்று வினவினால், "வன்னி" என்று மட்டும் விடை கூறும் பிள்ளைகள் இன்று புலம்பெயர் நாடுகளில் பலர். அப்பெயருக்குள் அடங்கிய ஒரு மாவட்டத்தின் அமைப்பை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முல்லைத்தீவு 1978ஆம் ஆண்டு செப்ரெம்பரில் தனி மாவட்டமாக உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் அதன் பெரும்பகுதி வவுனியா மாவட்டத்துடன் இணைந்திருந்தது. எனவே, தாயின் பிறப்புச் சான்றிதழில் வவுனியா மாவட்டம் எனக் காணும் பிள்ளை குழப்பமடைய வேண்டியதில்லை. ஊர் மாறவில்லை, எல்லைக்கோடே மாறியது.

மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,617 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைவிட இரண்டரை மடங்கு பெரிய நிலம். காடும் வயலும், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு போன்ற குளங்களும், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகளும் நிறைந்த பூமி. உழவும் மீன்பிடியுமே மக்களின் வாழ்வாதாரம். இங்கு மாநகர சபையோ நகர சபையோ இல்லை. உள்ளூராட்சி நான்கு பிரதேச சபைகளிடமே உள்ளது.

அரச நிருவாகம் ஆறு பிரதேச செயலர் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. அவை கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என்பனவாகும். இவற்றின் கீழ் 136 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. வெலிஓயா என்பது மணலாறு என்ற தமிழ்ப் பெயரின் சிங்கள வடிவம். 1980களில் அங்கிருந்த தமிழ்க் கிராமத்தவர் வெளியேற்றப்பட்டனர். 1988இல் அந்நிலம் மகாவலி 'எல்' வலயமாக்கப்பட்டது. ஒரு பிரிவின் பெயர்கூட வரலாறு சொல்லும் என்பதற்கு இது சான்று.

இனி, மக்கள்தொகை. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 77,000 பேர் பதிவாகினர். அதன்பின் முழுமையான கணக்கெடுப்பு 2012இலேயே நிகழ்ந்தது. 2001இல் நாடு எண்ணப்பட்டபோது, போர் காரணமாக முல்லைத்தீவு எண்ணப்படவில்லை. 31 ஆண்டுகள் இம்மண் ஏட்டில் வெற்றிடமாகவே இருந்தது. அவ்வெற்றிடத்துள்தான் இடப்பெயர்வுகளும், 2004 ஆழிப்பேரலையும், 2009 முள்ளிவாய்க்காலும் நிகழ்ந்தன.

2012இல் எண்ணிக்கை ஏறத்தாழ 92,000. நாட்டின் 25 மாவட்டங்களிலும் அதுவே மிகக் குறைவு. சதுர கிலோமீற்றருக்கு 35 பேர் அளவில்தான். அந்த 31 ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 37 வீதம் பெருகியது. முல்லைத்தீவில் அது 19 வீதமே. அதற்குள்ளும் சிங்கள மக்களின் பங்கு சுமார் 5 வீதத்திலிருந்து ஏறத்தாழ 10 வீதமாக உயர்ந்தது. கணக்கெடுப்பு நடந்த 2012 மார்ச்சில், கேப்பாப்புலவு மக்கள் இன்னும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலேயே இருந்தனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் தொகை 1 இலட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டியது.

இவ்வெண்கள் வெறும் புள்ளிவிபரங்கள் அல்ல. பாடசாலைக்கு ஆசிரியர், மருத்துவமனைக்குத் தாதி, கிராமத்திற்கு வீதி ஆகிய யாவும் தலைக்கணக்கை ஒட்டியே கோரப்படுகின்றன. மக்கள் குறைந்தால் குரலும் குறையும். காணி அனுமதிப்பத்திரமும் பிரதேச செயலகத்தின் வழியாகவே வழங்கப்படுகிறது. எந்தப் பிரிவு என்று அறியாதவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

பெற்றோர்களே! இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். ஊரின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலர் பிரிவு, மாவட்டம், காணியின் பெயர், அதன் நான்கு எல்லைகள் ஆகியவற்றை எழுதிப் பிள்ளையிடம் கொடுங்கள். உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் இடப்பெயர்வில் தொலைந்த குடும்பங்களுக்கு முதியோரின் நினைவே எஞ்சிய ஆவணம். அது மறைவதற்குள் எழுத்தாக வேண்டும்.

இளையோரே! தாத்தாவிடமும் பாட்டியிடமும் இன்றே கேளுங்கள். வரைபடத்தில் அவ்வூரைத் தேடிக் குறித்து வையுங்கள். எண்ணப்படாது போன ஆண்டுகளை எவராலும் மீட்க முடியாது. மறக்கப்படாத ஊரை எவராலும் அழிக்கவும் முடியாது.