மஞ்சள் தாள்



சில வாரங்களுக்கு முன் புசல்லாவைக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். மரக்கறி லொறி ஓட்டும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்தமர்ந்தார். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகளில் இறங்கி, கம்பளை வழியாக இரவோடிரவாகக் கொழும்புக்குச் சரக்குக் கொண்டு போகிறவர். "அண்ணே, குடிச்சிட்டு ஓட்டுன கேஸு ஒன்னு இருக்கு. 2020ல நடந்தது. தண்டம் கட்டி முடிச்சாச்சு. கனடாவுக்கு லொறி ஓட்டப் போக அது தடையா இருக்குமா?" என்று கேட்டார்.

கதை, கவிதை பேசுகிறவனிடம் சட்டம் கேட்கிறாரே என்று முதலில் திகைத்தேன். பிறகு விசாரித்துப் பார்த்தேன். கனடாவில் குடித்துவிட்டு வாகனம் ஓட்டும் குற்றத்துக்கான அதியுயர் தண்டனை, 2018 டிசம்பர் 18 முதல் 5 ஆண்டுச் சிறையிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தப்பட்டது. அதனால் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது பாரதூரமான குற்றமாகிவிட்டது. வேறொரு நாட்டு நீதிமன்றம் சிறு தண்டத்தோடு விட்டிருந்தாலும், கனடா அதைத் தன் சட்டத்தால்தான் அளக்கிறது. முன்பு ஒரேயொரு குற்றமென்றால், தண்டனை முடிந்து 10 ஆண்டு கழிந்ததும் அது தானாகவே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. புதிய சட்டத்துக்குப் பின் நிகழ்ந்த குற்றத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. டிட்ரொயிட் நதியின் மேலே, அமெரிக்காவையும் கனடாவையும் இணைத்து, 1929இல் திறக்கப்பட்ட அம்பாசடர் பாலம் நிற்கிறது. லொறிகள் ஓயாமல் ஓடும் பாலம் அது. இப்படியொரு பழைய வழக்குள்ள அமெரிக்கச் சாரதி அக்கரைக்குப் போனால் கனடா அவரைத் திருப்பி அனுப்பலாம். அதே குற்றம் செய்த கனடியப் பிரஜை இக்கரைக்கு வந்தால், அந்த ஒரு குற்றத்துக்காக மட்டும் அமெரிக்கா பொதுவாகத் தடுப்பதில்லை. பாலம் ஒன்று, பிழையும் ஒன்று. தீர்ப்பு மட்டும் கரைக்கொன்று.

இதை அறிந்தபோது என் மனம் விக்டர் ஹியூகோவிடம் போயிற்று. 1862இல் வெளிவந்த அவருடைய பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்று தமிழில் தந்தார். சகோதரியின் குழந்தைகளுக்காக ரொட்டி திருடிய ஜான் வால்ஜான், 19 ஆண்டுகள் சிறையிருந்து வெளியே வருகிறான். கையில் மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு. அதைக் கண்டதும் சத்திரக் கதவுகள் அடைபடுகின்றன. சிறை முடிந்தது, தண்டனை முடியவில்லை. 1950இல் வெளிவந்த அதன் திரைப்படத்தில், அவனை விடாது துரத்தும் பொலிஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், தம் வாழ்நாள் முழுதும் 'ஜாவர்' சீதாராமன் என்றே அறியப்பட்டார். நடித்த வேடமே பேரோடு ஒட்டிக்கொள்ளும் உலகில், செய்த குற்றம் ஒட்டிக்கொள்ளாதா?

ஆனால் நேயர்களே, இந்த ஒப்புமையை இங்கேயே நிறுத்த வேண்டும். வால்ஜான் பசிக்காகத் திருடினான். மது அருந்திவிட்டுச் சாரதி ஆசனத்தில் அமர்ந்தவர் யாருடைய பசிக்காகவும் அமரவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு அந்தி மங்கலில் வீதியோரமாக லயத்துக்கு நடக்கும் பெண்ணின் உயிர் அவர் கையில் இருந்தது. "அன்னைக்கு ரோட்டுல யாரும் இருக்கல்ல, அதான் தப்பிச்சேன்" என்று அந்தத் தம்பியே தலை குனிந்து சொன்னார். யாரும் இல்லாதது அவர் செய்த நன்மையல்ல; வெறும் அதிர்ஷ்டம். ஆகவே சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்கு முறைப்பாடில்லை. தண்டனைக்கு ஒரு முடிவு நாள் வேண்டும் என்பதே என் வாதம்.

எல்லையில் தாளைப் பார்த்து மனிதரை அளப்பதை எங்கள் மலையகம் நன்கறியும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எக்குற்றமும் செய்யாதவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். தாளில் எழுதியிருப்பது மனிதனின் ஒரு பக்கம் மட்டுமே என்பதை அந்த மக்களின் பிள்ளைகளாகிய நாம் மறக்கலாகாது.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். தண்டனை முழுதும் முடிந்து 5 ஆண்டு கழிந்தபின், தான் திருந்தியவன் என்று காட்டிக் கனடாவுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. முடிவு அவர்கள் கையில். ஆனால் வழக்கை மறைக்காதே. பொய் சொன்னது தெரிந்தால் அதற்கே 5 ஆண்டுத் தடை.

"அப்ப அன்னைக்குச் செஞ்சதையும், அதுக்கப்புறம் ஒழுங்கா ஓட்டுனதையும் ரெண்டையுமே எழுதணும், இல்லையாண்ணே?" என்றார்.

ஆம், இரண்டையும் எழுத வேண்டும். ஹியூகோ செய்ததும் அதுதான். மஞ்சள் தாளில் ஒரு வரி இருந்தது. அவர் அந்த மனிதனின் மிச்ச வாழ்க்கையையும் எழுதினார். நம் மலைப்பாதைச் சாரதியின் கதையை அப்படி எழுத ஒருவர் நம்மிடையிலிருந்து வரவேண்டும். அந்தக் கதையில் வீதியோரம் நடந்து போகும் பெண்ணும் இருக்க வேண்டும்.