மானியம் உழுபவன் கையைச் சேரவேண்டும்



பசளை மானியம் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1962 ஆம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு அது. ஆட்சிகள் மாறியபோதெல்லாம் அதன் உருவமும் மாறியது. 1990 இல் நிறுத்தினர். 1994 இல் மீண்டும் கொடுத்தனர். 2005 இல் நெற்செய்கைக்கு ஐம்பது கிலோ மூடையை 350 ரூபாவுக்குத் தந்தனர். 2016 இல் மூடைக்குப் பதிலாகக் காசு என்றனர். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியையே தடுத்தனர். அவ்வாண்டு முடியுமுன்னரே தடையை நீக்கினர். 2024 இல், நெற்செய்கைக்கு ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாயிருந்த உதவிப்பணத்தை 25,000 ரூபாவாக உயர்த்தினர். இரண்டு ஹெக்டேயர் வரையிலேயே அது கிடைக்கும் என வரையறுத்தனர்.

உயர்த்தியது நன்று. ஆனால் அப்பணம் யார் கையிற் சேருகின்றது? அதுவே எமது வினா.

குடாநாட்டில் காணி ஒருவர் பெயரில் இருக்கும். மண்வெட்டி இன்னொருவர் கையில் இருக்கும். உரித்தாளர் கொழும்பிலோ, கனடாவிலோ, இலண்டனிலோ வாழ்வார். குத்தகைக்காரன் வாய்ச்சொல்லை நம்பி விதைப்பான். கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறாதவிடத்து நிகழ்வது என்ன? உழவுகூலியும் விதைநெல்லும் பசளையும் அவன் செலவு; மானியம் மட்டும் பிறர் வரவு! 1958 இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக்குப் பயிரிடுபவனுக்கும் உரிமை உண்டென்றது. அறுபது ஆண்டுகள் கடந்தும் எழுத்தில்லாத குத்தகை அவ்வுரிமையை விழுங்குமாயின், அது நீதியாகுமா?

நமது நிலம் ஆறில்லாத நிலம். வடகீழ்ப் பருவமழையை நம்பிக் காலபோகம் ஒன்றையே பெரும்பாலும் செய்கின்றோம். மழை கண்டு முளைத்த பயிர், உரிய நாளிற் பசளை கேட்கும். கந்தோரிற் கோப்பு நகரும்வரை காத்திராது. அரை ஏக்கர் செய்பவனுக்கு ஹெக்டேயர்க் கணக்கிற் கிடைப்பது ஏறத்தாழ 5,000 ரூபாவே. அதுவும் பிந்தி வந்தால், கடனுக்கு வாங்கிய பசளையின் வட்டியாகவே கரைந்துபோகும்.

கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் தோட்டக்காரனுக்கோ, நெல்லுக்கென வகுத்த இம்மானியத்திற் பங்கில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது அவன் தலைநிமிர்ந்தான். அன்று அவனுக்குக் கிடைத்தது கொடையன்று, நியாயமான விலை. 1977 இல் சந்தை திறக்கப்பட்டதும் அவ்விலை சரிந்தது. மானியம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி, விலையை மறந்துவிடலாகாது என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

ஆகவே அரசினரிடம் நாம் கேட்பவை மூன்று. பயிரிடுபவன் பெயரிலேயே பணம் வரவேண்டும். விதைப்புக் காலத்திலேயே வரவேண்டும். தோட்டப் பயிரையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

இங்கு கூடியிருக்கும் படித்த பெருமக்களிடமும் ஒன்று கேட்போம். உங்களுட் பலர் காணி உரித்தாளர். உங்கள் நிலத்தைச் செய்பவனுக்குக் குத்தகையை எழுத்திற் கொடுங்கள். அவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவிக்க அவனோடு ஒருமுறை கமநல நிலையத்துக்குச் செல்லுங்கள். அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம். நாம் செய்யக்கூடியதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

உழுபவன் உரிமை, பிச்சையன்று. அவ்வுரிமை அவன் கையைச் சேரும்வரை நாம் ஓயமாட்டோம்.