பின்னாலேயே வரும் பிள்ளை

(வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய வானொலி உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் கரும்புக்கு மேலுரம் எப்போது, வேர்க்கடலைக்கு ஜிப்சம் எத்தனை கிலோ என்று பேசுவோம். இன்றைக்கு வேறொரு பயிரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலையில் நீங்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால், "நைனா, நானும் வரேன்" என்று செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடி வருகிறதே, அந்தப் பயிர்தான்.

டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது கவனித்துப் பாருங்கள். "எங்க வீட்டுல எந்தக் கோழி எந்த மூலையில முட்டை வைக்கும்னு என் பொண்ணைத்தான் கேட்கணும், ஏழு வயசுதான் ஆகுது" என்பார் ஒருவர். "மோட்டார் சத்தத்தை வச்சே கிணத்துல தண்ணி இறங்கிடுச்சுன்னு என் பையன் சொல்லிடுறான்" என்பார் இன்னொருவர். தறி வைத்திருப்பவர் சும்மா இருப்பாரா? "இழை அறுந்தா எனக்கு முன்னாடி எங்க பாப்பா பார்த்துடும்" என்பார். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நல்ல விளைச்சல் எடுத்தபோதுகூட அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

இந்தப் பெருமை நியாயமான பெருமைதான். நமக்குப் பிடித்ததை நம் பிள்ளையும் பிடித்ததாக எடுத்துக்கொண்டால் யாருக்குத்தான் மனம் குளிராது? ஆனால், இந்தப் பெருமையை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாற்றுக்குத் தண்ணீர் வேண்டும். அதற்காக மூழ்கடித்தால் அழுகிவிடும்.

கிராமங்களுக்குப் போகும்போது பல பெரியவர்கள் என்னிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு. "பையன் கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி வேலைக்குப் போறான் சார். நிலத்து மேல நாட்டமே இல்லை" என்பார்கள். கம்பெனி வேலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. மழையையும் விலையையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களை நான் ஒன்று கேட்பதுண்டு: "ஆறு வயசுல உங்க பின்னாலேயே வந்தானே, அப்போ அவனை என்ன செஞ்சீங்க?"

யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். ஒன்று, "வெயில்ல ஏன்டா வர்றே, போய்ப் படி" என்று விரட்டியிருப்போம். இரண்டாவது, "கையோட இந்த வரப்பையும் செதுக்கிட்டு வா" என்று தினமும் வேலை வாங்கியிருப்போம். மூன்றாவது, வந்தவர் போனவர் முன்னால் நிறுத்தி, "எங்கே, மாமாவுக்கு டிராக்டர் ஓட்டிக் காட்டு" என்று வேடிக்கைப் பொருளாக ஆக்கியிருப்போம். விரட்டினால் ஆசை கருகிவிடும். வேலை வாங்கினால் ஆசை சலிப்பாக மாறிவிடும். வேடிக்கை காட்டினால் பிள்ளைக்குக் கைதட்டல் மேல் ஆசை வரும். பயிர் மேல் வராது.

அப்படியானால் என்னதான் செய்வது? நம் மாவட்டத்திலேயே நமக்குப் பாடம் சொல்லக் கூடியவர்கள் இருக்கிறார்கள். இருளர் மக்களைச் சொல்கிறேன். வரப்பில் எலி வளை தோண்ட அவர்களைத்தானே கூப்பிடுகிறோம்? எந்த வளையில் எலி இருக்கிறது, எது வெறும் வளை என்று மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? அப்பாவோடும் தாத்தாவோடும் காட்டுக்கும் வயலுக்கும் நடந்து நடந்து பழகியதுதான்.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் அப்படிச் சிறு வயதில் பெரியவர்களிடம் தடம் பார்க்கக் கற்றவர்கள். 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சதுப்புக் காடுகளில் பெருகிப்போன மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க இவர்களை அழைத்துப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்தை எடுத்துத் தருகிறது. ஆஸ்பத்திரியில் நமக்குப் போடுகிற விஷமுறிவு மருந்து பெரும்பாலும் அதிலிருந்துதான் தயாராகிறது. அப்பா பின்னால் நடந்த பிள்ளைகளின் படிப்பு எத்தனை உயிரைக் காப்பாற்றுகிறது பாருங்கள். (பாம்பு பிடிப்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரச் சொல்லவில்லை. அது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில். பாம்பைக் கண்டால் பிள்ளையைத் தள்ளி நிற்க வைத்து, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.)

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பிள்ளை முதலில் கண்ணால் கற்கிறது, அப்புறம்தான் கையால் கற்கிறது என்பதுதான். கூட நடக்க விடுங்கள். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். "ஆத்துல தண்ணி எங்கேர்ந்து நைனா வருது?" என்று கேட்டால், "சும்மா வா" என்று சொல்லாதீர்கள். "ஆந்திராவுல கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தா கொசஸ்தலை ஆத்துல பள்ளிப்பட்டு வழியா வரும், அப்படியே பூண்டி ஏரிக்குப் போகும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு பதிலில் பூகோளப் பாடம் முழுக்க இருக்கிறது.

இனி, வீட்டில் செய்யக்கூடிய நாலு காரியங்களைச் சொல்கிறேன். செலவு அதிகம் ஆகாது.

முதலாவது, பிள்ளைக்கென்று பத்தடிக்குப் பத்தடி இடம் ஒதுக்குங்கள். கால் சென்ட்கூட வராது. சிறுகீரை விதைத்தால் 25 நாளில் பிடுங்கலாம். முள்ளங்கி 45 நாளில் வரும். சின்னப் பிள்ளைக்குப் பொறுமை குறைவு; சீக்கிரம் பலன் தருகிற பயிராகக் கொடுங்கள். அந்த இடத்தில் என்ன போடுவது என்பதை அதுவே முடிவு செய்யட்டும். காய்ந்து போனால் போகட்டும். ராத்திரியில் நீங்கள் போய்த் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றாதீர்கள். விளைந்ததை விற்றால் காசு பிள்ளைக்கே. ஒரு நோட்டில் வரவு செலவு எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, விதைப் பரிசோதனை. நெல் விதையில் நூறு எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். வேர்க்கடலைப் பருப்பானால் ஈர மணலில். ஒரு வாரம், பத்து நாள் கழித்து எத்தனை முளைத்திருக்கிறது என்று பிள்ளை எண்ணிச் சொல்லட்டும். அந்த எண்தான் முளைப்புத் திறன். நெல்லுக்கு 80-க்குக் குறையக் கூடாது; வேர்க்கடலைக்கு 70-க்குக் குறையக் கூடாது. பிள்ளைக்கு இது விளையாட்டு. உங்களுக்கோ ஒரு போகத்தின் நஷ்டத்தைத் தடுக்கிற வேலை. அதேபோல நெல் விதையைத் தரம் பிரிக்க உப்புக் கரைசலில் முட்டையை மிதக்க விடுவோம் இல்லையா? நாலணா அகலம் முட்டை வெளியே தெரிகிற வரைக்கும் உப்புப் போடும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். மிதக்கிற பதர் நெல்லை அள்ளி எடுத்துவிட்டு, நல்ல விதையை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள்.

மூன்றாவது, மழைக் கணக்கு. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமாக உள்ள டப்பாவை வெட்டவெளியில் வைத்து, மழை விட்டதும் அடிக்கட்டையால் அளந்து நாட்காட்டியில் எழுதச் சொல்லுங்கள. பத்து மில்லி மீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொன்னால் பிள்ளையின் கண் விரியும். நமக்கும், இன்றைக்கு மோட்டார் போட வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

நான்காவது, பூச்சி பார்ப்பது. சின்னக் கண்களுக்குக் கூர்மை அதிகம். கடலைச் செடியில் அசுவினி இருந்தால், அதைத் தின்கிற பொறிவண்டும் அங்கே இருக்கும். நெல் வயலில் புகையானைப் பிடிக்கிற சிலந்தி இருக்கும், தட்டான் பறக்கும். எது கெடுக்கிற பூச்சி, எது காக்கிற பூச்சி என்று பிள்ளையோடு சேர்ந்து எண்ணுங்கள். காக்கிற பூச்சி நிறைய இருந்தால் மருந்து தேவைப்படாமலே போகலாம். அந்தக் காசு மிச்சம்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"பன்னிரண்டு வயசுலயே டிராக்டர் ஓட்டுறான்" என்பது பெருமை இல்லை, அது ஆபத்து. டிராக்டர் ஓட்ட உரிமம் பெறவே 18 வயது ஆக வேண்டும். மட்கார்டில் பிள்ளையை உட்கார வைத்து உழுவதையும் விட்டுவிடுங்கள். ஓடுகிற விசைத்தறி, கதிரடிக்கும் இயந்திரம், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, இவற்றின் பக்கம் பிள்ளை தனியே போகக் கூடாது. பூச்சிமருந்து கலக்கும்போதும் அடிக்கும்போதும் பிள்ளை வயலிலேயே இருக்கக் கூடாது. காலி மருந்துப் பாட்டிலில் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகவே கூடாது. மருந்து அடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். கல்மனசு பண்ணிக்கொண்டு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றிப் போட்டு, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அப்புறம் தூக்கிக் கொஞ்சுங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். அதன்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் கூடமாட உதவலாம்; அதுவும் படிப்பு கெடாமல், ஆபத்தில்லாத வேலையாக இருந்தால் மட்டுமே.

இன்னொன்று. பின்னாலேயே வருவது பெண் பிள்ளையாக இருந்தால், "நீ ஏம்மா வர்றே, அம்மாவோட இரு" என்று நிறுத்திவிடுகிறோம். களை எடுப்பதும் நாற்று நடுவதும் பெரும்பாலும் பெண்கள் கைதான். அப்படியிருக்க, விதையை எடை போடவும் கணக்கு எழுதவும் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் மட்டும் ஆண் பிள்ளைதான் வேண்டுமா? ஆசை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளைக்கு நாம் கற்றுத் தருவது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தில் 1902-ல் ஏ.பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துச் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். பிள்ளைகள் மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிட்டார்கள், மண்ணைப் பரிசோதித்தார்கள். அந்தக் காலத்தில் மற்ற மாநிலங்களிலும் இப்படிச் சோளச் சங்கங்கள் வந்தன. புது விதை, புது முறை என்றால் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள். பிள்ளைகளோ தங்கள் துண்டு நிலத்தில் போட்டுப் பார்த்தார்கள். மகன் பாத்தியில் நல்ல கதிர் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அப்பாவும் மாறினார். அதுவே பின்னால் ஃபோர்-எச் என்ற பெரிய இயக்கமாக வளர்ந்தது. ஆகவே நாளைக்கு உங்கள் மகள், "நைனா, டீச்சர் மண் பரிசோதனை செய்யணும்னு சொன்னாங்க" என்றால், "உங்க டீச்சருக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்து, அவளோடு சேர்ந்து வேளாண்மை அலுவலகத்துக்கு வாருங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். "இவ்வளவும் செஞ்சு, பெரியவனானதும் அவன் வேற வேலைக்குப் போயிட்டா?" போகட்டும்.

1925-ல் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அவர்களின் தந்தை சாம்பசிவன் ஒரு டாக்டர். யானைக்கால் நோயை ஒழிக்க ஊர் மக்களைத் திரட்டிக் கொசு வளரும் இடங்களை அழித்தவர். மகனுக்குப் பதினொரு வயது இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். மகனும் டாக்டராக வேண்டும் என்றுதான் வீட்டார் எதிர்பார்த்தார்கள். ஆனால் 1943-ல் வங்கத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் செத்ததைப் பார்த்து, அவர் கோவை வேளாண் கல்லூரிக்குப் போனார். பிறகு பசுமைப் புரட்சியில் அவர் பங்கு என்ன என்பது உங்களுக்கே தெரியும். 2023-ல் மறைந்தார், 2024-ல் பாரத ரத்னா அறிவித்தார்கள். அப்பாவின் ஸ்டெதாஸ்கோப்பை மகன் எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு ஒரு கஷ்டம் என்றால் ஊரையே சேர்த்துக்கொண்டு வேலை செய்வதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

உங்கள் பிள்ளையும் அப்படித்தான். நாளைக்குக் கும்மிடிப்பூண்டியில் இயந்திரத்தின் முன் நின்றாலும், சத்தம் மாறினால் கோளாறு என்று கண்டுபிடிக்கிற காது உங்கள் கிணற்றடியில் பழகியதாக இருக்கும். எங்கே வேலை பார்த்தாலும் மழை பெய்தால், "நம்ம ஊர்ல எவ்வளவு நைனா?" என்று போன் போட்டுக் கேட்கும். அந்தக் கேள்வி வருகிற வரைக்கும் நிலம் கைவிட்டுப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, நாளைக் காலையில் பின்னால் சின்னக் காலடிச் சத்தம் கேட்டால் விரட்டாதீர்கள். கொஞ்சம் மெதுவாக நடங்கள். செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.