பனிக்கூழில் ஓடிய விமானம்
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"ஏதாவது பேசுப்பா, ஆனா ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த தொழில் ரோடு போடுவது. ஆகவே தரையைப் பற்றியே பேசுகிறேன். பனிநாட்டில் ஒரு விமானம் ஓடிய தரை.

1958 பிப்ரவரி 6. அன்றைய மேற்கு ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையம். பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பும் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழு, பத்திரிகையாளர்கள், சிப்பந்திகள் என்று 44 பேர். எரிபொருள் நிரப்ப இறங்கியிருந்தார்கள். விமானத்தின் பெயர் அம்பாஸடர். நம்ம ஊர் காரை நினைத்துவிடாதீர்கள்! இரண்டு பிஸ்டன் என்ஜின். இன்றைய ஜெட் விமானங்களோடு பார்த்தால் சின்னதுதான். பொறுப்பு காப்டன் ஜேம்ஸ் தெயினுடையது. அந்தப் பயணத்தில் விமானத்தை ஓட்டியவர் உடன் வந்த காப்டன் கென்னத் ரேமென்ட்.

இரண்டு தடவை ஓடிப் பார்த்து, என்ஜின் அழுத்தம் சீராக இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்தில் வேகம் 117 நாட், அதாவது மணிக்குச் சுமார் 217 கிலோமீட்டர் வரை ஏறியது. எழும்புவதற்கு 119 வேண்டும். இரண்டே இரண்டு நாட் பாக்கி. அங்கே முள் நின்றுவிட்டது. பிறகு 112, அப்புறம் 105. நிறுத்த இடமில்லை, எழும்ப வேகமில்லை. வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதியது. 23 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் ஆட்டக்காரர்கள். ரேமென்டும் பிழைக்கவில்லை.

இறக்கையில் பனி உறைந்திருந்தது, தெயின் அதை அகற்றச் சொல்லவில்லை என்றது ஜெர்மன் விசாரணை. இறக்கைப் பனி ஆபத்துதான், நான் மறுக்கவில்லை. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகப் படிந்தாலே தூக்கும் விசை 30 சதவீதம் வரை குறையலாம். ஆனால் அவர்கள் பார்த்தது, விபத்துக்குப் பின் மணிக்கணக்கில் கொட்டும் பனியில் கிடந்த இறக்கையை! போகட்டும். இறக்கைப் பனி விமானத்தை எழும்ப விடாது, சரி. தரையில் முழு சக்தியோடு ஓடுகிற விமானத்தின் வேகத்தை 12 நாட் இறக்குமா? இறங்கியது என்றால் ஏதோ பிடித்து இழுத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இழுத்தது ஓடுபாதையில் கிடந்த பனிக்கூழ். பாதி உருகி, நைந்த சர்பத் ஐஸ் மாதிரி இருக்கும். மழைக்குப் பிறகு தேங்கிய தண்ணீரில் ஸ்கூட்டரை விட்டவர்களுக்குத் தெரியும், யாரோ பின்னாலிருந்து பிடித்த மாதிரி இருக்கும். வேகம் இரட்டித்தால் இந்த இழுப்பு ஏறக்குறைய நாலு மடங்கு. சக்கரம் வாரியடிக்கும் கூழ் உடம்பில் மோதுவது வேறு. மெதுவாகப் போகும்போது ஒன்றுமே தெரியாது. எழும்பப் போகிற நேரத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். இன்று பல விமானங்களுக்கு அரை அங்குல ஆழத்துக்கு மேல் பனிக்கூழ் இருந்தால் புறப்பட அனுமதி கிடையாது. நாலு பேர் அமரும் குட்டி விமானங்களில் சக்கரத்தின் மேல்மூடிக்குள் கூழ் புகுந்து உறைந்து, சக்கரமே சுற்றாமல் போவதுண்டு. அதனால் பனிக்காலத்தில் அந்த மூடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

இறக்கை என்றால் பொறுப்பு விமானியுடையது; தரை என்றால் நிலையத்துடையது. விசாரணை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். தெயினுக்கு வேலை போயிற்று. மனிதர் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1960-களில் நடந்த மறுவிசாரணையிலும் ஜெர்மன் தரப்பு இறக்கைப் பனியையே முதல் காரணமாகச் சொன்னது. இதற்கிடையே பொறியாளர்கள் விமானங்களை நிஜமாகவே பனிக்கூழில் ஓட்டி இழுவிசையை அளந்து பார்த்திருந்தார்கள். 1968-ல் பிரிட்டன் தனி விசாரணை நடத்தியது. காரணம் ஓடுபாதைப் பனிக்கூழ், தெயின் மேல் பழியில்லை என்று 1969-ல் அறிக்கை வந்தது. விபத்து நடந்து பதினோரு வருஷம்!

அப்போது அவர் கோழிப் பண்ணை நடத்திக்கொண்டிருந்தார். 1975-ல் காலமானார்.